மூங்கில் தாவளத்துக் குதிரைக்குட்டி

போர்வையை இழுத்துக்கோ. காலை உள்ள வை. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு நிறுத்திப்புடுவேன்.

ஒரு மலையில, ரோடே போகாத ஒரு ஊர்ல, ஒரு குதிரைக்காரி இருந்தாளாம். பேரு ஒச்சம்மா. அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு குதிரை, பொட்டக்குதிரை. கல்யாண ஊர்வலத்துல வருமே, அம்புட்டு ஒசரம் கெடையாது. மட்டக்குதிரை, உங்கப்பன் நெஞ்சு ஒசரம்தான் இருக்கும். ஆனா நெறம் இருக்கே, சூளையிலேருந்து எடுத்த செங்கல் மாதிரி செவசெவன்னு இருக்குமாம். அதனால பவளம்னு கூப்பிடுவா.

அந்த ஊருக்கு பஸ்ஸும் போகாது, லாரியும் போகாது. அரிசி, உப்பு, சீமெண்ணெய் எல்லாம் குதிரை முதுகுலதான் மேல ஏறும். மலையில வெளையிற காப்பிக்கொட்டை குதிரை முதுகுலதான் கீழ எறங்கும். ஒரே நாள்ல போயிட்டு வர முடியாது. அதனால பாதையில அங்கங்க தாவளம் இருக்கும். தாவளம்னா என்னன்னா, காட்டுக்குள்ள கொஞ்சம் சமதளமா, பக்கத்துலயே தண்ணியும் புல்லும் உள்ள எடம். குதிரைக்காரங்க அங்க பொதியை எறக்கி, குதிரையை மேய விட்டு, மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சிக் குடிச்சுட்டு, படுத்து எந்திரிச்சுப் போவாங்க.

ம் சொன்னியா? சரி.

அப்போ பவளம் சினையா இருந்துச்சு. பத்து மாசம் ஆயிருச்சு. வானத்தைப் பார்த்தா மேகம் கூடுது. மழை பிடிக்கிறதுக்குள்ள ஒரே ஒரு நடை போயிட்டு வந்துரலாம்னு நெனச்சு, ஒச்சம்மா அது முதுகுல ரெண்டு மூட்டை காப்பிக்கொட்டையை ஏத்திப்புட்டா. பவளமும் ஒண்ணும் சொல்லல. டொக் டொக் டொக்குன்னு எறங்குச்சு, டொக் டொக் டொக்குன்னு ஏறி வந்துச்சு. அப்புறம் ஏழாம் நாளு குட்டி போட்டுச்சு. குட்டி அசையவே இல்ல.

ஆமா சாமி, செத்துத்தான் பொறந்துச்சு. நீ அழுகக் கூடாது, கதை இன்னும் இருக்குல்ல.

ஒச்சம்மா குழி தோண்டிக் குட்டியைப் பொதைச்சா. பவளம் அந்த மண்ணு மேல போயி நின்னுக்கிச்சு. கொள்ளு வச்சா திங்கல. தண்ணி வச்சா ஒரு வாயோட முகத்தைத் திருப்பிக்கிச்சு. குடிக்கக் குட்டி இல்லாம மடி கட்டிக்கிட்டு கல்லு மாதிரி ஆயிருச்சு. ஒச்சம்மா வெந்நியில துணியை நனைச்சு ஒத்தடம் குடுத்து, பைய பையப் பாலைப் பீச்சித் தரையில விடுவா. பாலு சொத் சொத்துன்னு மண்ணுல விழுகும். அவளுக்கு மனசு கெடந்து அரிக்கும். பொதி ஏத்துனதாலதான் இப்படி ஆச்சோன்னு. ஊருக்குள்ள எல்லாரும் விதின்னாங்க. அவளும் ஆமா விதிதான்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிருவா.

அப்புறம் நாலாம் நாளு காலையில, தேனெடுக்கப் போன ஆளுங்க ரெண்டு பேரு அந்த வழியா எறங்கி வந்தாங்க. அவங்க சொன்ன சேதி இது. அந்தாண்ட மலையில மூங்கில் தாவளம்னு ஒண்ணு இருக்கு. அங்க சுருளியாண்டின்னு ஒரு குதிரைக்காரரு தங்கியிருக்காரு. அவரோட குதிரை முந்தாநாள் வழியிலயே குட்டி போட்டுச்சாம். ஒரு பகல் பாலு குடுத்துச்சாம், அன்னைக்கு சாயங்காலமே பாம்பு தீண்டிச் செத்துப்போச்சாம். குட்டி மட்டும் உசுரோட கெடக்கு. அவரு கஞ்சித் தண்ணியைப் புகட்டிப் பார்க்குறாரு, எறங்க மாட்டேங்குது. இன்னைக்குப் பொழுது தாண்டுறதே பெருசுன்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க.

ஒச்சம்மா பவளத்தைப் பார்த்தா. அது காம்புலேருந்து பாலு தானா சொட்டிக்கிட்டு இருக்கு.

அவ ஒருத்தர்கிட்டயும் கேக்கல. ஒரு சட்டி, ஒரு துணி, மடி நெறைய கொள்ளு, அம்புட்டுத்தான் எடுத்தா. பவளத்து முதுகுல ஒண்ணும் வைக்கல. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கெளம்பிட்டா.

கொஞ்ச தூரம் போனா, காட்டாறு. மேல எங்கயோ மழை பெஞ்சிருக்கு, ஹோ...ன்னு எரைஞ்சுக்கிட்டு செவந்த தண்ணி ஓடுது. தாண்டிப் போற கல்லு ஒண்ணும் வெளிய தெரியல. வத்துற வரைக்கும் உக்காந்திருக்கலாம், ஆனா அது வரைக்கும் குட்டி தாங்காதே. அப்போ அவ என்ன செஞ்சா தெரியுமா? பவளத்தை முன்னால விட்டா. அவ பின்னால போயி அது வாலை ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. மலைக் குதிரைக்குத் தண்ணிக்கு அடியில எந்தக் கல்லு ஆடும், எந்தக் கல்லு நிக்கும்னு காலுலயே தெரியும். சளக், புளக், சளக், புளக்குன்னு எறங்குச்சு. தண்ணி ஒச்சம்மா நெஞ்சு வரைக்கும் வந்து காலைத் தூக்கிருச்சு. பவளம் நடு ஆத்துல நின்னு, அவ காலு திரும்பத் தரையில படுற வரைக்கும் அசையாம இருந்து, அப்புறம்தான் அடுத்த அடி வச்சுச்சாம். கரை ஏறுனதும் ரெண்டும் உடம்பை உதறிக்கிட்டு நடந்துச்சுங்க.

அப்புறம் ஒரு சோலை. இருட்டா, மூடுபனியா இருக்கு. திடீர்னு பவளம் நின்னுருச்சு, காது ரெண்டும் வெடச்சுக்கிச்சு. பார்த்தா பாதைக்கு நடுவுல ஒரு காட்டுமாடு. கரும்பாறை மாதிரி நிக்குது. புஸ்ஸு... புஸ்ஸுன்னு மூச்சு விடுது. இந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். காட்டுமாடு வழி விட்டா போகணும், விடலைன்னா நிக்கணும், அதுதான் மலையோட சட்டம். கத்தக் கூடாது, கல்லெறியக் கூடாது. ஒச்சம்மா நின்னா. பொழுது உச்சிக்கு வந்துச்சு, சாஞ்சுச்சு. அங்க குட்டிக்கு ஒவ்வொரு மூச்சும் கொறைஞ்சுக்கிட்டு இருக்கும்னு இவளுக்குத் தெரியும். ஆனா நின்னா. பவளத்து கழுத்துல கன்னத்தை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு நேரம், காட்டுமாடு என்னமோ நெனச்சுக்கிட்டு, மடமடன்னு மூங்கிலை ஒடிச்சுக்கிட்டு எறங்கிப் போயிருச்சு.

என்ன, சத்தத்தையே காணோம்? ம்... முழிச்சுத்தான் இருக்கியா.

பொழுது சாயுற நேரம் மூங்கில் தாவளத்துக்கு வந்து சேர்ந்தாங்க. அங்க அடுப்பு புகையுது. பக்கத்துல சுருளியாண்டி உக்காந்திருக்காரு, பெரிய மீசைக்காரரு. அவரு மடியில, அவரு வேட்டியைச் சுத்திக்கிட்டு, காலு நாலும் குச்சி குச்சியா, அந்தக் குட்டி. மூக்கு மட்டும் ஆடுது. நெத்தியில ஒரு துளி வெள்ளை, அம்புட்டுத்தான்.

ஒச்சம்மா தான் இன்னாருன்னும், எதுக்கு வந்தேன்னும் சொன்னா. அவரு புறங்கையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, குட்டியை எந்திரிக்க வச்சாரு.

பவளத்தை ஒரு மூங்கில்ல இறுக்கிக் கட்டி, குட்டியைக் கிட்டக் கொண்டு போனாங்க. பவளம் மோந்து பார்த்துச்சு. தன் குட்டி வாடை இல்லல்ல? காதைப் பின்னால மடக்கி, படக்குன்னு கடிக்க வந்துச்சு. குட்டி பொத்துன்னு விழுந்துருச்சு.

அப்புறம் ஒச்சம்மா ஒரு வேலை செஞ்சா. பவளத்துப் பாலையே கொஞ்சம் சட்டியில பீச்சி, குட்டியோட தலையில, முதுகுல, வாலுல எல்லாம் தடவுனா. வாடை மாறுனா ஏத்துக்கும்னு பார்த்தா. ரெண்டாம் தடவை கொண்டு போனாங்க. பவளம் மோந்துச்சு, நல்லா மோந்துச்சு, இன்னும் மோந்துச்சு. ஏத்துக்கிச்சுன்னு இவங்க நெனச்சு முடிக்கல, டமார்னு ஒரு ஒதை. குட்டி மேல விழ வேண்டியது, ஒச்சம்மா குறுக்க விழுந்து தன் தொடையில வாங்கிக்கிட்டா. அப்படியே உக்காந்துட்டா பாவம்.

சுருளியாண்டி ஓடி வந்து தூக்குனாரு. போதும் தாயி, நீ வந்ததே பெருசு, விதி முடிஞ்சதுக்கு நாம என்ன செய்ய முடியும்னாரு.

விதிங்குற சொல்லைக் கேட்டதும் ஒச்சம்மா அந்த அடுப்பையே பார்த்துக்கிட்டு சொன்னா:

"விதி இல்லண்ணே. பத்து மாசச் சினையில பொதி ஏத்துனது நானு. அது மாட்டேன்னு சொல்லாதுன்னு தெரிஞ்சுதான் ஏத்துனேன்."

அவரு சமாதானமும் சொல்லல, திட்டவும் இல்ல. கஞ்சியை ஊத்தி அவ கையில குடுத்தாரு. அவ அழுதுக்கிட்டே குடிச்சா. அப்புறம் பீச்சுன பாலுல துணியைத் திரி மாதிரி முக்கி, குட்டி வாயில சொட்டுச் சொட்டா விட்டா. அதுல பொழைச்சுக் கெடந்துச்சே தவிர, வயிறு எப்படி நெறையும்? அவுங்க ரெண்டு பேரும் நடுவுல குட்டியைப் போட்டுக்கிட்டு அங்கயே படுத்துட்டாங்க.

விடிஞ்சுச்சு. தாவளம் பூரா பனித்தண்ணி. ஒச்சம்மா நொண்டிக்கிட்டே பவளத்துக்கிட்ட போனா. அது கழுத்துல கட்டுன கயிறு ராத்திரி இழுத்து இழுத்து உள்ள பதிஞ்சிருந்துச்சு. அந்தத் தடத்தைக் கையால தடவிப் பார்த்துட்டு, கயித்தை அவுக்கப் போனா.

சுருளியாண்டி பதறிப்போனாரு. அவுத்தா காட்டுக்குள்ள ஓடிப்போயிரும், உனக்கு இருக்குறதே ஒரு குதிரைதானே, அது போச்சுன்னா கஞ்சிக்கு என்ன செய்வேன்னாரு. நெசம்தானே?

"இன்னைக்கு வரைக்கும் நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லண்ணே. ஏத்துனேன், எறக்குனேன், கட்டுனேன். இதையும் கட்டி வச்சா வாங்குறது? அவளா செஞ்சா செய்யட்டும். போறதுன்னா போகட்டும்."

அவுத்துட்டா. கயித்தைத் தூரத் தள்ளிப் போட்டா.

பவளம் செத்த நேரம் நின்னுச்சு. தலையை ஆட்டிப் பார்த்துச்சு, கயிறு இல்ல. புர்ர்ருன்னு மூக்கை விட்டுச்சு. அப்புறம் திரும்பி நடக்க ஆரம்பிச்சுருச்சு. டொக்... டொக்... டொக்குன்னு வந்த பாதையிலயே ஏறுது. ஒச்சம்மா கூப்பிடல. வாயை முந்தானையால பொத்திக்கிட்டு நிக்குறா. பவளம் மேட்டைத் தாண்டிப் போயிருச்சு. சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் அதுவும் கேக்கல.

அப்போ குட்டி தலையைத் தூக்குச்சு. ஹீ...ன்னு ஒரு கனைப்பு, அதுவும் பாதியிலயே நின்னுபோச்சு. முன்னங்காலை ஊணுச்சு, விழுந்துச்சு. ஊணுச்சு, விழுந்துச்சு. சுருளியாண்டி தூக்கிவிடப் போனாரு, ஒச்சம்மா கையைப் பிடிச்சு நிறுத்துனா. அப்புறம் நாலு காலையும் அகட்டி வச்சு எந்திரிச்சு, தள்ளாடித் தள்ளாடி, பவளம் போன பாதையில நடக்குது. பத்தடி போச்சு. மேட்டுக்குக் கீழ வந்து, ஏற முடியாம நின்னுச்சு. நின்னு இன்னொரு தடவை கனைச்சுச்சு. ஹீ...ஹீ...

ம்... மூச்சை விடு சாமி, சொல்றேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து டொக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் டொக்... டொக்... மொத காது தெரிஞ்சுச்சு, அப்புறம் செவந்த நெத்தி. பவளம் மேட்டு மேல நின்னு குட்டியைப் பார்த்துச்சு. அப்புறம் பைய எறங்கி வந்து, தலையைத் தாழ்த்தி, குட்டி முதுகை மோந்துச்சு. கடிக்கல. நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்குச்சு. அப்புறம் இன்னொரு நக்கு. காது, கழுத்து, முதுகுன்னு தலையிலேருந்து வாலு வரைக்கும் சளப் சளப்புன்னு நக்கி எடுத்துருச்சு. குட்டி முட்டி முட்டி மடியைத் தேடுச்சு. பவளம் ஒரு காலை லேசா நகட்டி எடம் விட்டுச்சு. அப்புறம் மொடக், மொடக், மொடக், மொடக்குன்னு குட்டி பாலு குடிக்கிற சத்தம் தாவளம் பூரா கேட்டுச்சாம்.

ஒச்சம்மாவும் சுருளியாண்டியும் கிட்டவே போகல. அங்கயே புல்லுல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. குட்டி குடிச்சு முடிச்சு வயிறு ரெண்டு பக்கமும் உப்பிப்போயி படுத்ததுக்கு அப்புறம்தான், அவ எந்திரிச்சுப் போயி கொள்ளு வச்சா. பவளம் கடுக் கடுக்குன்னு தின்னுச்சு. அஞ்சு நாளுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் தின்னுச்சு.

சுருளியாண்டி, குட்டி இனிமே உன்னோடது, கூட்டிட்டுப் போ தாயின்னாரு. குட்டி உங்களோடதுதாண்ணே, தாயி மட்டும்தான் என்னோடதுன்னா அவ. அப்போ ரெண்டையும் எப்படிப் பிரிக்குறது? பிரிக்கவே இல்ல. குட்டிக்குக் காலு பலப்படுற வரைக்கும் எல்லாரும் மூங்கில் தாவளத்துலயே தங்குனாங்க. அவரு தன் வழிக்குப் போகாம, அவளோட ஊருக்கே கூட வந்துட்டாரு. பாலு குடுக்குற குதிரை மேல பொதி வைக்கக் கூடாதுன்னு ஒச்சம்மா கண்டிசனா சொல்லிப்புட்டா.

அந்த வருசம் பூரா மலைப்பாதையில எதிர்ல வந்தவங்க எல்லாம் நின்னு நின்னு பார்ப்பாங்களாம். ஏன்னா, முன்னால பவளம் வெறும் முதுகோட ஆடி அசைஞ்சு வரும், குட்டி துள்ளித் துள்ளி வரும், அதுங்களுக்குப் பின்னால ஒச்சம்மாவும் சுருளியாண்டியும் தலையில ஆளுக்கொரு மூட்டையைச் சுமந்துக்கிட்டு, மேலுமூச்சு கீழுமூச்சு வாங்க வருவாங்க.

ம்...?

சரி சரி. கதை தாவளத்துக்கு வந்து பொதியை எறக்கியாச்சு. நீயும் கண்ணை எறக்கிக்கோ, தூங்கு சாமி.