வெட்டுப்பட்ட சர்க்கரைவள்ளி

மரகதத்தம்மையின் ஆசிரமம் தென்காசியில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே இருந்தது. செடி வைக்கக் கைப்பிடி மண் கிடையாது. அதனால் அம்மையிடம் பாடம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மொட்டைமாடியில் சர்க்கரைவள்ளிக் கொடி வளர்த்தார்கள். பொங்கல் படையலுக்கு அந்தக் கிழங்குதான்.

சீடர்களில் ஒருவர் திருமலைக்கொழுந்து. கோர்ட்டில் ஆவணங்களைக் கவனிக்கும் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிட வயதில் பெரியவர். அவர் வாழ்நாளில் வளர்த்த முதல் செடி அந்த வாளிக் கொடிதான். பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார் என்று சொன்னால் அவருடைய பிள்ளைகளுக்குக் கோபம் வரும். அவர்களை அவர் அந்த அளவு பார்த்ததில்லை. தன் கிழங்குதான் படையலில் நடுவே இருக்கப் போகிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

கிழங்கு எடுத்த அன்று வாளியைச் சாய்த்து, விரலால் மெல்ல மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். சக சீடர் ஆவுடையப்பன் வந்தார். தையல்காரர், எதிலும் அவசரக்காரர். "தள்ளுங்க அண்ணாச்சி" என்று களைக்கொத்தியை உள்ளே சொருகினார். இருந்ததிலேயே பெரிய கிழங்கு பிளந்து பால் வடிந்தது.

"கிழங்குதான அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வெட்டைக்கூடப் பொறுத்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் திருமலைக்கொழுந்தால் தாங்க முடியவில்லை.

எடுத்த கிழங்கு உடனே இனிக்காது. கழுவாமல் சாக்கு போட்டு மூடி, கதகதப்பான மூலையில் விட்டுவைத்தால்தான் காயம் ஆறித் தித்திப்பு ஏறும். அம்மை எல்லாருடைய கிழங்கையும் கூடையில் அடுக்கி, பொங்கல்வரை யாரும் தொட வேண்டாம் என்றார்.

இவரால் எப்படித் தொடாமல் இருக்க முடியும்? பால்காரர் வந்தார், அவருக்குக் கிழங்கை எடுத்துக் காட்டினார். மளிகைக்கடைக்காரர் மேலே வந்தார்; அவருக்கும் காட்டினார். வெட்டு நன்றாகத் தெரியட்டும் என்று மண்ணைக் கழுவினார், துண்டால் துடைத்தார், காயத்தில் படிந்த பொருக்கை நகத்தால் சுரண்டினார். கோர்ட்டில் இருந்தவர் அல்லவா, சாட்சிப்பொருளை மூடியா வைப்பார். தெருவில் பாதிப் பேருக்கு ஆவுடையப்பனின் யோக்கியதை தெரிந்துவிட்டது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கூடத்தான் செய்தது.

பொங்கலுக்கு முதல்நாள் கிழங்கு கறுத்துக் கொழகொழத்து நாறியது. அதைச் செய்தித்தாளில் ஏந்திக்கொண்டு அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"பாருங்கம்மா, அந்தப் பாவி பண்ணுன வேலைய. இனிமே இங்க ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அம்மை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை.

"வெட்டுனது அவருதான். அதுல சந்தேகமே இல்ல" என்றார்.

பிறகு எழுந்துபோய்க் கூடையிலிருந்து இன்னொரு கிழங்கை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். ஒட்டியிருந்த மண்ணுக்கு நடுவே நீளமாக ஒரு தழும்பு. திருமலைக்கொழுந்து விரலால் தடவினார். மரப்பட்டைபோல் உலர்ந்து மூடியிருந்தது. அழுத்தினார், கிழங்கு கல்லாக இருந்தது.

"இது யாரு வாளியில உள்ளதும்மா?"

"என் வாளியில உள்ளது. ஒங்களுக்கு ஒத்தாசை பண்ணிட்டு நேரே எனக்குப் பண்ணத்தான் வந்தாரு."

திருமலைக்கொழுந்துக்கு முகம் சிவந்துவிட்டது. குருவின் கிழங்கையே வெட்டியிருக்கிறான், இதுவரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. இது என்ன அநியாயம்.

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? ஊரையே கூட்டியிருப்பேனே."

"கூட்டியிருப்பீங்க அண்ணாச்சி" என்றார் அம்மை. "அப்புறம் நாளைக்குப் படையலுக்கு எத வைக்க?"