பனிக்குள்ள நின்ன பூதம்

ஒரு ஊர்ல ஒரு படம் வரையறவ இருந்தாளாம். நம்ம ஊர் இல்லடீ கயலு, சீனா தேசம். அவ பேரு மெய்லின். ம் கொட்டு, இல்லேன்னா அத்தை நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த ஊர் அதிகாரியோட அம்மாவுக்கு ஒரு கதைன்னா உசுரு. அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். தங்கச்சியைத் தூக்கிட்டுப் போன பூதத்தைத் தேடி ஒரு பொண்ணு மலை ஏறுவா. ஆனா பாவம், அந்தம்மாவுக்கு வயசாகி காது அடைச்சுப் போச்சு. யார் கதை சொன்னாலும் கேக்காது.

அப்போ அதிகாரி மெய்லினைக் கூப்பிட்டான். "அம்மா பொறந்தநாளுக்கு அந்தக் கதையைப் பக்கம் பக்கமா வரைஞ்சு ஆல்பம் பண்ணிக் கொடு. சரியா வரலேன்னா இனிமே நீ பிரஷ்ஷே தொடக் கூடாது"ன்னுட்டான். அவளுக்கோ வரையலேன்னா சோறு இறங்காது. சரின்னு தலையாட்டிட்டு வந்தா.

அதிகாரி வீட்டுலயே கோங்னு ஒரு ஓவியன் இருந்தான். வயித்தெரிச்சல் புடிச்சவன். கடைக்கு ஓடி, கலர் பூரா அவனே வாங்கிட்டான். சிவப்பு இல்ல, பச்சை இல்ல. மெய்லின், "போனா போகுது, கறுப்பு மை இருக்கே"ன்னு மைக்கட்டியைத் தண்ணி விட்டுக் கல்லுல சரக் சரக்னு தேய்ச்சு வரைய ஆரம்பிச்சா.

அப்புறம் அவன் ஜன்னல் வழியா கையை விட்டு, பிரஷ்ஷை எல்லாம் படக் படக்னு ஒடிச்சுட்டான். இவ விடுவாளா? பக்கத்து வீட்டு ஆட்டுத் தாடியில ஒரு கொத்து கத்தரிச்சா. மேஏஏ! அதை மூங்கில் குச்சியில கட்டினா, புது பிரஷ்!

"ம்!"

அப்புறம் கடைசிப் பக்கம் வரையறப்போ மைக்கட்டியையே திருடிட்டான், கடங்காரன். கல்லுல ஒட்டியிருந்த மையை வழிச்சு, மலை உச்சிப் பாலத்தையும் அதுல நிக்கற பொண்ணையும் வரைஞ்சா. தீந்துபோச்சு. எதிர்ல பூதம் நிக்கணுமே? அதுக்கு ஒரு சொட்டு இல்ல.

அந்த ஊர்ல மலையை மூடற பனியை வரைய மாட்டாங்க. பேப்பரை வெள்ளையா விட்டுடுவாங்க, அதான் பனி. மெய்லின் யோசிச்சு யோசிச்சு, "சரி, பூதம் பனிக்குள்ள நிக்கட்டும்"னு அப்படியே விட்டுட்டா. தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

பொறந்தநாளும் வந்துது. கோங் குதிச்சான். "பூதம் எங்கே? பாதிப் பேப்பர் காலி! ஏமாத்திட்டா!" அதிகாரி, "அவ பிரஷ்ஷைப் புடுங்குங்க"ன்னான். மெய்லின் பிரஷ்ஷை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "முதல்ல உங்கம்மா பாக்கட்டும்"னா.

அந்தம்மா சர்க் சர்க்னு பக்கத்தைத் திருப்பினாங்க. கடைசிப் பக்கம். வெள்ளையா இருக்கற இடத்தை உத்து உத்துப் பாத்தாங்க.

"ஐயய்யோ! எம்மாம் பெரிய பல்லு!"

வெத்துப் பேப்பரைப் பாத்துடீ! கதை தெரிஞ்சவங்களுக்குப் பூதத்தை யாரு வரைஞ்சு காட்டணும்? அப்புறம் எல்லாரும் எட்டிப் பாத்தா, ஒருத்தனுக்குக் கொம்பு தெரியுது, ஒருத்திக்குச் செவசெவன்னு கண்ணு தெரியுது. கோங் இருக்கானே, அவன் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்!

அந்தம்மா படத்துல இருக்கற பொண்ணைத் தட்டிக் கொடுத்து, "போடீ கண்ணு, பயப்படாதே, தங்கச்சி அந்தப் பக்கம்தான் இருக்கா"ன்னு, முதல் பக்கத்துலேருந்து கதையை அவங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. கதை கேக்க முடியாதவங்க அன்னிக்கு ஊருக்கே கதை சொன்னாங்க. தம் தம் தம்னு மேளம் அடிச்சு மெய்லினை ஊர்வலமா கூட்டிட்டுப் போனாங்க. கையில அதே ஆட்டுத் தாடி பிரஷ். ஆடும் கூடவே போச்சு, மாலை போட்டுக்கிட்டு.

"அத்தை, தங்கச்சி கிடைச்சுட்டாளா?"

கிடைச்சாச்சு. அக்காவும் தங்கச்சியும் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தாச்சு, கதையும் படுத்தாச்சு, இனி நீயும் கண்ணை மூடு.