முதலில் ஒரு கூடு

மலையடிவாரத்துக் குளத்தின் மீது ஒரு பனைமரம் சாய்ந்து நின்றது. அதன் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. காற்று வந்தால் எல்லாக் கூடுகளும் சேர்ந்து ஆடும். குளத்துக்குள்ளே தலைகீழாக இன்னொரு குருவிக்கூட்டம் ஊஞ்சலாடும்.

அந்த மரத்தில் கூடு கட்டுவது ஆண்குருவிகளின் வேலை. தேர்ந்தெடுப்பது பெண்குருவிகளின் வேலை. கூடு பாதி முடிந்ததும் ஒரு பெண்குருவி வந்து அதில் தொங்கிப் பார்க்கும். அலகால் நன்றாக இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பேசாமல் பறந்துவிடும்.

வெடுக்கி என்ற குருவி மட்டும் பேசாமல் போகமாட்டாள். "வாசல் கோணல்" என்பாள். "தரை மெத்தென்று இல்லை" என்பாள். ஒருமுறை எந்தக் குறையும் அகப்படாததால், "இங்கிருந்து பார்த்தால் தவளையின் முகம் தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தவளைக்கு இன்னும் வருத்தம்.

எல்லாக் கூட்டையும் இப்படித் தள்ளிவிட்டதால், அந்தப் பருவத்தில் அவளுக்கு மட்டும் இன்னும் வீடு அமையவில்லை.

குருவிகளுக்கு இருந்த ஒரே பயம் கொம்பேறிமூக்கன். அது புதரில் வசிக்கும் ஒல்லிப் பாம்பு. சரசரவென்று மரமேறும். வாலை ஓலையில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். கூட்டின் வாசல் குழலுக்குள் தலையை விட்டுக் குஞ்சுகளை விழுங்கிவிடும். போன வருடம் தும்பை என்ற தாய்க்குருவியின் கூட்டை அது அப்படித்தான் காலி செய்தது.

இந்த வருடம் சித்திரன் என்ற இளம் ஆண்குருவி ஒரு புதுவிதக் கூட்டைக் கண்டுபிடித்தான். அதன் வாசல் குழல் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. நாணல் கீற்றின் வழுவழுப்பான பக்கம் வெளியே தெரியும்படி பின்னியிருந்தான். பாம்பு அதைப் பற்ற முயன்றால் வழுக்கிக்கொண்டு குளத்தில் விழும்.

மரமே திரண்டு வந்து பார்த்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இப்போதே எல்லாக் கூட்டையும் இப்படி மாற்றிவிட வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். பழைய கூட்டைப் பிரித்து, அந்த நாரைக் கொண்டு புதுக்கூடு கட்டுவதுதான் அங்கே வழக்கம். காய்ந்த நாரை நன்றாக முறுக்கலாம். ஆகவே அவசரக்காரர்கள் சிலர் அப்போதே தங்கள் கூட்டைப் பிய்க்கத் தொடங்கினார்கள்.

"நிறுத்துங்கள், நான் உள்ளேதான் இருக்கிறேன்" என்று ஒரு கூட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அந்த நேரத்தில் வெடுக்கி பறந்து வந்து புதுக்கூட்டில் தொங்கினாள். இழுத்தாள். ஆட்டினாள். உள்ளே போய் வெளியே வந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள் வெடுக்கி.

அதைக் கேட்ட அதிர்ச்சியில் ஒரு குருவி ஓலையிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது.

"ஆனால் முதலில் ஒரு கூடு மட்டும் இப்படி இருக்கட்டும். அது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அப்புறம் சில கூடுகள். அப்புறம் எல்லாம். அதுவரை யாரும் பழைய கூட்டைப் பிரிக்க வேண்டாம்" என்றாள் அவள்.

ஊரில் ஒரு நல்லது நடந்தால் இவளுக்குப் பொறுக்காதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். சித்திரனுக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை கூடிப் பேசி முடிவு செய்வதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

சித்திரன் நாணல் கிழிக்கக் கரைக்குப் போனான். புதருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. கொம்பேறிமூக்கன் எட்ட இருந்தே தலையைத் தூக்கியது.

"பயப்படாதே தம்பி. பயந்துபோயிருப்பவன் நான்தான். உன் கூட்டைப் பார்த்ததிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை."

சித்திரனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பாம்பு மேலும் பேசியது. இவ்வளவு அருமையான வேலைப்பாட்டை ஒரே ஒரு கூட்டோடு நிறுத்துவதா என்று வருத்தப்பட்டது. அதற்கு மனசு கேட்கவில்லையாம்.

"ஒன்றே ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? உன்னை அவர்கள் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்" என்றது.

சித்திரன் அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் பறந்தான். பாம்பு நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டது. எல்லாக் கூடுகளும் ஒரே மாதிரி இருந்தால், ஒரு கூட்டின் பலவீனத்தைக் கண்டுபிடித்தாலே போதும். மரம் முழுவதும் விருந்துதான். புதிதாகச் செய்த எதிலும் ஏதாவது ஒரு பலவீனம் இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

மறுநாள் கூட்டத்தில் சித்திரன் தன் கூட்டின் பெருமையை விவரமாகச் சொன்னான். தும்பை அவன் பக்கம் நின்றாள்.

"ஒரு கூடு போதும் என்று சொல்வது உனக்குச் சுலபம் அக்கா. போன வருடம் காலியானது என் கூடு. நீ நிதானமாகச் சோதித்துக்கொண்டிருக்கும்போது பாம்பு மறுபடியும் என்னிடம் வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டாள்.

தும்பை கேட்டது நியாயமான கேள்வி.

"புதுக்கூடு வரும்வரை உன் கூட்டுக்கு முன்னால் ஆள் மாற்றி ஆள் காவல் இருப்போம். முதல் காவல் என்னுடையது" என்றாள் வெடுக்கி. பிறகு சித்திரனைப் பார்த்தாள். "தம்பி, உன் கூடு மழையில் நனைந்திருக்கிறதா?"

"இன்னும் மழையே வரவில்லையே."

"பெருங்காற்றில் ஆடியிருக்கிறதா?"

"அதுவும் இனிமேல்தான்."

"அப்படியானால் உன் கூட்டை இன்னும் நான் மட்டும்தான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். மழையும் காற்றும் என்னைவிடப் பொல்லாதவை."

குருவிகள் சிரித்துவிட்டன. காலிக்கூட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது என்றாள் வெடுக்கி. காலிக்கூடு காலியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு தாய் நாளெல்லாம் போய் வந்தால்தான் கூட்டின் குணம் தெரியும் என்றாள்.

"சரி, யார் அந்தத் தாய்?" என்று கேட்டான் சித்திரன்.

"நான்தான். எனக்குத்தான் வீடு இல்லையே. இந்தப் பருவத்தில் என் முட்டை அங்கேதான். குறை இருந்தால் உன்னிடம் ஒளிக்கவும் மாட்டேன்."

அவள் எதையும் ஒளிக்கமாட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு கூடு என்று முடிவானது.

வெடுக்கி குடி வந்தாள். ஒரு முட்டையும் இட்டாள். வெள்ளை வெளேரென்ற அந்த முட்டையை மரமே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கூடு குளிர்ச்சியாக, பத்திரமாக இருந்தது. வெடுக்கியே இரண்டு முறை பாராட்டிவிட்டாள். தன்னை நம்பாமல் நாள் கடத்துகிறார்களே என்று சித்திரன் புழுங்கினான்.

பிறகு மழை வந்தது.

வெடுக்கி அப்போது இரை தேடிப் போயிருந்தாள். நனைந்தபடி பறந்து வந்தால் வாசலைக் காணோம். நீளக் குழல் ஈரத்தில் ஊறித் தொய்ந்து, நனைந்த சட்டையின் கைபோல உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையால் முட்டினாள். அலகால் விலக்கினாள். விலகிய இடம் மறுபடி ஒட்டிக்கொண்டது. உள்ளே முட்டை தனியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

"சித்திரா! முட்டை உள்ளே இருக்கிறது!"

சித்திரன் கொட்டும் மழையில் பறந்து வந்தான். குழலைப் பார்த்தான். அவன் இரவு பகலாக நினைத்து நினைத்துப் பின்னிய குழல் அது. ஒரு கணம்தான் தயங்கினான். அப்புறம் அலகால் அதைக் கடித்தான். கீற்று கீற்றாகக் கிழித்து மழையில் வீசினான். பாதிக் குழல் போனதும் வழி திறந்தது. வெடுக்கி உள்ளே பாய்ந்து முட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

பிறகு உள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"சூடு இருக்கிறது. முட்டை நன்றாக இருக்கிறது."

சித்திரன் நடுங்கிக்கொண்டே மரத்தைச் சுற்றிப் பார்த்தான். மற்ற பழைய கூடுகளில் முட்டையிட்ட தாய்களெல்லாம் கதகதப்பாக முட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவன் கேட்டது நடந்திருந்தால், இந்நேரம் இத்தனை தாய்களும் மழையில் நின்று கதறியிருப்பார்கள். கிழிக்க அவனுடைய ஒரு அலகு போதுமா?

மழை விட்டதும் அவன் பாம்போடு பேசியதைச் சொல்லிவிட்டான்.

"பாம்பு உன் கூட்டைப் புகழ்ந்தது. நீ அதை நம்பினாயா?" என்று கேட்டாள் வெடுக்கி.

"நன்றி வேறு சொன்னேன்" என்றான் சித்திரன்.

மரமே குலுங்கிச் சிரித்தது. தும்பை மட்டும் சிரிக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நாம் எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று பாம்புக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டாள். கேட்ட வேகத்திலேயே அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. ஒரு கூட்டில் இருக்கும் குறை எல்லாக் கூட்டிலும் இருக்கும் அல்லவா?

"அடுத்ததாக என் ஓலையில் கட்டுங்கள். ஆனால் என் ஓலையில் மட்டும்" என்றாள்.

சித்திரன் குழலை மாற்றிப் பின்னினான். நாணலுக்கு நடுநடுவே விறைப்பான பனை நாரை வளையமாக வைத்தான். இப்போது எவ்வளவு நனைந்தாலும் குழல் ஒட்டவில்லை. முதலில் வெடுக்கியின் கூட்டைச் சரிசெய்தான். அடுத்த மழையை வெடுக்கி உள்ளே உட்கார்ந்து தூங்கியே கழித்தாள். அதன் பிறகுதான் தும்பையின் ஓலையில் நாலைந்து கூடுகள் வந்தன. முட்டையிடும் முன்பே அங்கிருந்தவர்கள் குடி மாறினார்கள். பழைய கூடுகளைப் பிரிக்காமல் பக்கத்திலேயே விட்டுவைத்தார்கள்.

அது நல்லதாகப் போயிற்று. அன்று மாலையே பெருங்காற்று வீசியது. நீளக் குழல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சடைபோல ஆகிவிட்டன. ஒரு கூடு தனியாக இருந்தபோது இந்தத் தொல்லை தெரியவே இல்லை. தும்பை தன் வாசல் என்று நினைத்து நுழைந்து பக்கத்து வீட்டில் போய் எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரி அவளை வரவேற்று உட்காரச் சொன்னாள்.

யாரும் பதறவில்லை. எல்லோரும் பழைய கூட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் சித்திரன் ஒரு கூட்டை ஏற்றியும் ஒரு கூட்டை இறக்கியும் இடைவெளி விட்டுக் கட்டினான். அடுத்த காற்றில் கூடுகள் இடிக்காமல் ஆடின. அதன் பிறகே அங்கே முட்டைகள் வந்தன.

குருவிகள் கூடு மாறுகின்றன என்ற செய்தி கொம்பேறிமூக்கனுக்கு எட்டியது. இதுதான் சமயம் என்று அது மரமேறியது. போன வருட ஞாபகத்தில் நேராகத் தும்பையின் பழைய கூட்டுக்குப் போனது. வாலைச் சுற்றிக்கொண்டு தலையை உள்ளே விட்டது. காலி. அடுத்த பழைய கூட்டுக்கு நகர்ந்தது. அதுவும் காலி. மூன்றாவதில் தலையை விட்டிருக்கும்போது காவல் குருவி பார்த்துவிட்டது.

அது கத்திய கத்தலில் மரம் முழுவதும் எழுந்து வந்தது. பாம்பின் வாலைச் சிலர் கொத்தினார்கள். பாம்பு பாய்ந்து புதுக்கூட்டின் குழலைச் சுற்றிப் பிடித்தது. வழுவழுப்பான நாணல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுற்றிய வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கி, தொபுக்கென்று குளத்தில் விழுந்தது. குழலுக்குள்ளிருந்து தும்பை தலையை நீட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, சாப்பாடு இறங்கியதா?" என்று மேலிருந்து சித்திரன் கேட்டான்.

பாம்புக்கு இறங்கியது குளத்துத் தண்ணீர்தான். கரையேறிப் போனது, திரும்பி வரவே இல்லை.

பிறகு ஓலை ஓலையாக மரம் முழுவதும் புதுக்கூடுகள் வந்தன. எல்லோரும் குடியேறி, மழையும் காற்றும் பார்த்த பிறகுதான் பழைய கூடுகளைப் பிரித்தார்கள். அன்று குளத்தங்கரையில் ஒரே பாட்டும் கூத்தும்தான். தவளையும் பழைய வருத்தத்தை மறந்து பாடியது.

அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே வெடுக்கியின் குஞ்சு முதன்முதலாகக் குழல் வழியாகத் தலையை நீட்டியது. எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டு அதன் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். குஞ்சு மேலே பார்த்தது, கீழே பார்த்தது, கூட்டை ஒருமுறை அலகால் இழுத்துப் பார்த்தது.

"வாசல் கோணல்" என்றது.

சித்திரன் சிரித்துக்கொண்டே ஒரு புது நாணல் கீற்றை எடுத்தான்.

நல்ல மாற்றமாகவே இருந்தாலும் அதை ஓரிடத்தில் செய்து பார்த்து, குறை தீர்த்து, பழையதை அவசரப்பட்டு அழிக்காமல் படிப்படியாகப் பரப்புகிறவர்களுக்கு, தவறு நேர்ந்தாலும் அழிவு நேர்வதில்லை.