வரையாத பக்கம்

ஜெபக்குமார் நாகர்கோவிலில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைத்தவன். நாற்பதை நெருங்கும்போது அந்தத் தொழிலை விட்டுவிட்டு, பேராசிரியர் ஷகிலா பானுவிடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தான். ஆசிரியை அவனைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

தட்டையான கோட்டோவியத்தைக் கொடுத்தால் கணினி அதை முழு உருவமாக்கித் தர வேண்டும். அதுதான் அவன் ஆய்வு. எண்ணற்ற மனிதத் தலைகளைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கினான். பழகிய பிறகு, மூக்கின் கோட்டைக் கண்டாலே கன்னம் எவ்வளவு மேடு, கண்குழி எவ்வளவு பள்ளம் என்று அதுவே கண்டுகொண்டது.

செய்தி வாய்வழியாகப் பரவி ஒருநாள் ரெஜினாள் என்கிற அம்மா அவனைத் தேடி வந்தார். கையில் பழுப்பேறிய ஒரு பென்சில் ஓவியம். பதினெட்டு வயதில் மஞ்சள்காமாலையில் இறந்துபோன அவருடைய தம்பி அமிர்தராஜ். கூடப் படித்தவன் யாரோ நேருக்கு நேர் உட்காரவைத்து வரைந்தது. வீட்டில் இருந்த போட்டோக்கள் எல்லாம் ஒரு மழையில் ஒழுகி வீணாகிவிட்டன.

"முகம் மறந்துபோயிரும்னு பயமா இருக்கு சார்."

ஜெபக்குமார் ஓவியத்தைக் கணினிக்குக் கொடுத்தான். தலை எழுந்து வந்தது. அதை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவமாக வார்த்து, அந்த அம்மாவின் மடியில் வைத்தான்.

அவர் மூக்கைத் தொட்டார். உதட்டைத் தொட்டார். இரண்டு கையாலும் கன்னங்களை ஏந்திக்கொண்டு விசும்பி அழுதார்.

"அவனேதான் சார். அவனேதான்."

அன்றைக்கு ஜெபக்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ரெஜினாள் மறுபடியும் வந்தார். அந்தத் தலையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்து, பின்பக்கம் அவனைப் பார்க்கும்படி மேசையில் வைத்தார்.

"இந்தப் பின்மண்டை எங்கேயிருந்து வந்தது சார்? படத்துல இது இல்லையே."

"கணினி ஊகிச்சதும்மா."

"எதைப் பாத்து?"

"நிறையத் தலைகளைப் பாத்து."

"யாரோட தலை?"

"ஒருத்தரோடதுன்னு சொல்ல முடியாதும்மா. எல்லாரோடதும் சேர்ந்தது."

அந்த அம்மா துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"அவனுக்கு ரெட்டைச் சுழி சார். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகும்முன்ன நான்தான் பின்னால உக்காந்து எண்ணெய் வச்சு வாரிவிடுவேன். சுழி பக்கத்துல முடி படியவே படியாது. ரெண்டு பொண்டாட்டி கட்டப்போறடான்னு கேலி பண்ணுவேன். அவன் முகத்தைவிட எனக்கு அந்தப் பின்மண்டைதான் நல்லாத் தெரியும்."

"அப்படியா? ரெட்டைச் சுழியே வச்சுத் தர்றேன்மா. எந்த இடம்னு காட்டுங்க."

அவர் விரலை நீட்டினார். விரல் உச்சிக்குப் போயிற்று. சற்றே கீழே இறங்கிற்று. இடது பக்கம் போய், வலது பக்கம் வந்து, அந்தரத்தில் நின்றது.

"தெரிஞ்சா காட்டமாட்டேனா சார்?"

விரலை மடக்கிக்கொண்டார்.

"தினமும் துடைச்சுத் துடைச்சு வச்சேன். இப்பக் கண்ணை மூடினா இதுதான் வருது. ரெட்டைச் சுழின்னு வாய்தான் சொல்லுது. அம்மா போயிட்டா, அப்பா போயிட்டார். யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். தலையை மறுபடியும் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

ஜெபக்குமார் ஆசிரியையின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னான்.

"எங்கே பிழை மேடம்? பழக்கின தலைகள்ல ரெட்டைச் சுழி குறைச்சலா?"

ஷகிலா பானு எழுந்தார். அவனுடைய மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த உருவத்தைத் திறங்க."

திறந்தான்.

"ஓவியத்துல இல்லாததை எல்லாம் அழிங்க."

பின்தலை போயிற்று. பிடரி போயிற்று. காதுகளின் பின்புறம் போயிற்று. மிஞ்சியது முகமூடி போல் மெல்லிய ஓர் ஓடு.

"திருப்புங்க."

திருப்பினான். உள்ளே வெறும் குழிவு. மூக்கு இருந்த இடம் ஒரு பள்ளம். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு இதைக் கொடுத்திருந்தா அரைகுறையா நிறுத்திட்டேன்னு வருத்தப்பட்டிருப்பாங்க மேடம்."

"பட்டிருப்பாங்க. மீதிதான் அவங்ககிட்ட இருந்ததே."

அவன் தலைகுனிந்தான்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா மேடம்?"

"இல்லை. நானும் முகத்தைத்தான் பார்த்தேன்."

வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜெபக்குமார் எழுந்து அச்சு இயந்திரத்தின் பக்கம் போனான். அவசர அவசரமாக அதை இயக்கினான்.

"இந்த முகத்தை மட்டும் இப்பவே அச்செடுத்து அந்த அம்மா வீட்டுல கொடுத்துட்டு வந்துடறேன். பழைய தலையைத் திரும்ப வாங்கிக்கறேன். இதைப் பாத்துட்டே இருந்தா அவங்களுக்குச் சுழி நினைவுக்கு வந்துடும் இல்லையா மேடம்?"

ஆசிரியை திரையில் இருந்த அந்தக் குழிவைப் பார்த்தார்.

"அச்செடுங்க ஜெபக்குமார்" என்றார். "அடுத்து வர்றவங்களுக்கு உதவும்."