நெஸா போட்ட விடுகதை

"நீங்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கற்றுக்கொண்டேன். என் மகள் போட்ட விடுகதைக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை" என்றான் பெர்கல்.

ஓரன் திரும்பிப் பார்க்கவில்லை. சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். அயர்லாந்தின் அந்தப் பக்கத்தில் விறகு அரிது. புல்லும் வேரும் மக்கிய அந்த மண்கட்டிதான் காய்ந்ததும் அடுப்பில் எரியும்.

ஓரனுக்குத் தெரியாத விடுகதை இல்லை என்பது ஊர்ப்பேச்சு. முட்டை, ஊசி, கலப்பை, கிணறு, பசுவின் மடி, எதை வைத்து யார் போட்டாலும் அவரிடம் விடை இருக்கும். வயதில் பெர்கலைவிடச் சின்னவர்தான். ஆனாலும் மகள் நெஸாவைப் புதைத்த கொஞ்ச நாளில் பெர்கல் அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தான். வீட்டில் அவன் மனைவி சோர்கா தனியாக இருந்தாள்.

"மகள் போட்டதைச் சொல்லுங்கள்" என்றார் ஓரன்.

பெர்கல் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. தானே விடுவிக்கவேண்டும் என்று வைத்திருந்தான். இப்போது சொன்னான்.

"அம்மா பெருக்கினால் போகாது.
அப்பா மிதித்தால் நோகாது.
அடுப்பில் விழுந்தால் வேகாது.
இருட்டிவிட்டால் சாகாது."

ஓரன் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"முதலில் நிழல் என்று நினைத்தேன்" என்றான் பெர்கல். "நிழல் இருட்டில் செத்துப்போகும். பிறகு சத்தம் என்று நினைத்தேன். வாசனை என்று நினைத்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை."

ஓரன் அந்த நாலு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியவில்லை" என்றார்.

பெர்கல் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்குமா?"

"மற்றதெல்லாம் ஊரார் போடுவது. அதனால் எனக்குத் தெரிந்தது. இது அவளாகக் கட்டியது."

"அப்படியானால் நான் இங்கே இருந்து என்ன பயன்?"



"விடை தெரியாவிட்டால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் ஓரன்.

"தோற்றேன் என்போம். போட்டவர் விடையைச் சொல்லிவிடுவார்."

"சொன்னீர்களா?"

பெர்கல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவளுக்கு உடம்பு கொதித்தது. வைத்தியரைக் கூட்டிவர மலை தாண்டிப் புறப்பட்டேன். அப்போதுதான் கையைப் பிடித்துக்கொண்டு இதைப் போட்டாள். தோற்றேன் என்று சொல்லுங்கள் அப்பா, சொல்லிவிடுகிறேன் என்றாள். தோற்கமாட்டேன், விடையோடுதான் வருவேன் என்றேன்."

"பிறகு?"

"வைத்தியரோடு வந்தேன்."

காற்று சதுப்பு முழுவதும் புல்லைச் சாய்த்துக்கொண்டு போயிற்று.

கல்சுவரில் கிடந்த பெர்கலின் மேல்சட்டையை ஓரன் எடுத்தார். மண்ணைத் தட்டிவிட்டு அவனிடம் நீட்டினார்.

"வீட்டுக்குப் போங்கள்."

"போய்?"

ஓரன் மறுபடியும் வெட்டத் தொடங்கியிருந்தார்.

பெர்கல் வீடு சேர்ந்தபோது சோர்கா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. நிமிரவில்லை.

அடுப்போரத்தில் நெஸாவின் முக்காலி கிடந்தது. அவன் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.  

"நெஸா, தோற்றேன்."

கத்தி நின்றது.

"இதைத்தான் கேட்டுக்கொண்டே கிடந்தாள்" என்றாள் சோர்கா. "வாசலில் ஆடு அசைந்தால்கூடக் கண்ணைத் திறப்பாள். அப்பா வந்துவிட்டாரா, தோற்றுவிட்டாரா என்பாள்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உன்னிடம் விடையைச் சொன்னாளா?"

"கெஞ்சிக் கேட்டேன்" என்றாள் அவள். "அப்பா தோற்றால்தான் சொல்வேன் என்றுவிட்டாள்."