சுடர்க்கொடியின் எட்டு எலிகள்

அவசரப்படாமல் கேளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

ஓர் ஆய்வுக்கூடத்தில், பரம்பரையாகவே ரத்த அழுத்தம் கூடிய எலிக் குடும்பம் ஒன்று இருந்தது. மனிதர்களுக்கு இந்த நோய் எந்த மரபணுவால் வருகிறது என்று தேட அவை உதவின. அவற்றை ஆரோக்கியமான எலிகளோடு பல தலைமுறை கலந்து, ஒரே ஒரு குரோமோசோம் துண்டு மட்டும் ஆரோக்கியமான எலியுடையதாக மாறிய எட்டு எலிகளை உருவாக்கினாள் ஆய்வு மாணவி சுடர்க்கொடி. இந்த எட்டுக்கும் அழுத்தம் குறைந்தால், தேடும் மரபணு அந்தத் துண்டில் இருக்கிறது என்று பொருள்.

எலியைக் குழாய்க்குள் விட்டு, வாலில் பட்டை கட்டி அளப்பார்கள். அவள் அளந்தபோது, பழைய குடும்பத்து எலிகளைவிட இந்தப் புதியவற்றுக்கு நன்றாகவே குறைந்திருந்தது. கருத்தரங்கில் பேச அவள் பெயரைக் கொடுத்தார் பேராசிரியர் ஞானசெல்வம். வீட்டின் முதல் பட்டதாரி மேடையேறப் போகிறாள் என்று அம்மா புதுச் சேலையே எடுத்துவிட்டார்.

சரிபார்க்க, உடன் ஆய்வு செய்யும் ஹபீப் மறுபடி அளந்தான். இரண்டு கூட்டத்துக்கும் அழுத்தம் ஒரே உயரத்தில் நின்றது.

"நீ எப்படி அளந்தே?" என்றாள் சுடர்க்கொடி.

"கூண்டைத் திறந்தேன், பிடிச்சேன், குழாய்க்குள்ள தள்ளினேன். பழசு, புதுசு எல்லாத்துக்கும் ஒரே மரியாதைதான். ரெண்டு கடிகூட வாங்கினேன். உன்னை மாதிரி அந்த எட்டை மட்டும் தினமும் உள்ளங்கையில வச்சுத் தாலாட்டலம்மா!"

"எட்டே எட்டுதானே இருக்கு. ஒண்ணுக்கு ஏதாவது ஆனாலும் போச்சேன்னு பயம்டா."

பேராசிரியர் இருவரையும் பார்த்தார். "கருத்தரங்குல பேசறியா இல்லையான்னு இன்னிக்கே சொல்லணும்மா."

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இருவரில் யார் அளந்தது சரி?

விடை: இருவர் அளந்த விதமும் சரியில்லை. கைக்குப் பழகிய எலி பயப்படாது. பயம் இல்லாவிட்டால் அழுத்தமும் ஏறாது. ஆகவே சுடர்க்கொடி கண்ட வித்தியாசம் அந்தத் துண்டால் வந்ததா, அவள் கையால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஹபீப் எல்லா எலிகளையும் சமமாக நடத்தினான். ஆனால் சமமாகப் பயமுறுத்தினான். அந்தப் பயத்தில் எகிறிய அழுத்தம் மரபணுவின் வித்தியாசத்தை மறைத்திருக்கலாம். சுடர்க்கொடி அந்த ஆண்டுக் கருத்தரங்கை விட்டுவிட்டாள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றுபோலக் கையில் பழக்கினார்கள். எது எந்தக் கூட்டம் என்று அவளுக்குத் தெரியாதபடி ஹபீப் எடுத்துக் கொடுக்க, மீண்டும் அளந்தாள். புதிய எலிகளுக்குக் குறைவாகத்தான் இருந்தது. முன்பு கண்டதில் பாதி வித்தியாசம்தான். ஆனால் அந்தப் பாதியை யார் குடைந்து கேட்டாலும் அவளால் நிமிர்ந்து நின்று சொல்ல முடியும்.