துவைக்காத ராசித்துணி

மங்கலம் என்று போற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஒன்றை, என்றைக்காவது நீங்கள் முகர்ந்து பார்த்ததுண்டா?

பாளையத்துக் குதிரை லாயத்தின் தலைவர் உடையப்பர் பார்த்ததில்லை. அவர் குட்டியிலிருந்து வளர்த்த பெண்குதிரை காந்தள், எத்தனை முறை இணை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. இந்தப் பருவமும் தவறினால் உப்பு வணிகருக்குப் பொதி சுமக்கக் கொடுத்துவிடும்படி பாளையக்காரர் சொல்லிவிட்டார். உடையப்பர் மணமாகாதவர். குதிரையும் அவரைப் போலவே துறவு பூண்டுவிட்டது என்று லாயத்தார் அவர் காதுபடவே கேலி பேசினார்கள்.

உடையப்பர் பரிமருத்துவம் பயின்றது நாச்சியம்மையிடம். வயதில் அவரைவிட இளையவர்தான், ஆனாலும் குரு. நாச்சியம்மை வந்து காந்தளைச் சோதித்தார். வாலடியில் காய்ந்திருந்த சீழைச் சுட்டிக்காட்டி, கருப்பையில் நோய் பற்றியிருக்கிறது என்றார்.

அது யார் செய்த வினை என்று உடையப்பர் கலங்கிக் கேட்டார். குரு அவரிடம், இணை சேர்க்கும்போது வால் குறுக்கே வராதபடி எதைக் கொண்டு கட்டுகிறீர்கள் என்று மட்டும் வினவினார்.

உடையப்பர் பெருமையோடு சந்தனப் பெட்டியைத் திறந்து ஒரு பட்டுத்துணியை எடுத்தார். பாளையக்காரரின் போர்க்குதிரையை ஈன்ற தாயின் வாலில் கட்டிய துணி அது. அன்று முதல் லாயத்தின் எல்லாப் பெண்குதிரைகளுக்கும் அதையே கட்டினார். துவைத்தால் ராசி போய்விடும் என்று தண்ணீர் காட்டியதே இல்லை.

நாச்சியம்மை அதைக் குவளை நீரில் முக்கிப் பிழிந்தார். நீர் கலங்கி நாறியது. குவளையை நீட்டினார்.

"குடியுங்கள்."

"இதையா, அம்மா?"

"ராசியான துணி என்றீர்களே."

"முகத்தருகே கொண்டுபோகவே முடியவில்லை."

"நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கருப்பைக்கு முகம் ஏது, உடையப்பரே?"

அவர் குவளையைக் கீழே வைத்தார். தலை நிமிரவில்லை.

அன்றே வேலை தொடங்கியது. உப்பிட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரால், வெளிவரும் நீர் தெளியும் வரை நாச்சியம்மை கருப்பையைக் கழுவினார். ஆண்குதிரையை அருகில் விடவில்லை. அவசரப்பட்ட பாளையக்காரரிடம், புண்ணில் விதைப்பவர் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை காந்தள் வேட்கை கொண்டபோது, வெந்நீரில் அலசிய புதுப் பருத்தித்துணியால் வாலைக் கட்டி இணை சேர்த்தார்கள்.

உப்பு வணிகர் ஊருக்குள் வந்த காலையில் நாச்சியம்மை மீண்டும் கையை உள்ளே விட்டுச் சோதித்தார். சினை பிடித்திருந்தது.

உடையப்பர் காந்தளின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்து நெடுநேரம் நின்றார். வணிகரின் கூட்டம் அவளை விட்டுவிட்டுக் கடந்து போகும் ஓசை தேய்ந்தது. பிறகு அவர் மடியிலிருந்து அந்தப் பருத்தித்துணியை எடுத்தார். அது அழுக்காகவே இருந்தது.

"யாருக்கும் கட்டமாட்டேன், அம்மா. நன்றிக்காகப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன்."

"இன்றே கொதிநீரில் போட்டுவிடுங்கள், உடையப்பரே. நாளை அது தெய்வமாகிவிடும்."